பஞ்சாங்கமும் கல்வெட்டும்



நம் வீடுகளில் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தாளை நாள்தோறும் கிழிக்கின்றோம். அத்தாளில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதியும், அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், யோகம், இராகு காலம், எமகண்டம் முதலியனவும் அச்சிடப்பட்டிருக்கும். பெரியவர்கள் அவற்றைப் பார்ப்பது பெரும்பாலும் நல்ல நேரம் அறிவதற்கே. புதுமனை புகுதல், திருமணம், ஏர் பூட்டுதல், கடைக்கணக்கு எழுதுதல் ஆகிய எதுவாயினும் நாள் பார்த்துச் செய்வது நம் நாட்டு வழக்கம். இவ்வழக்கத்தை மாணவர்களில் சிலர் கேள்வியின்றி ஏற்கின்றனர். சிலர் நகைத்து ஒதுக்குகின்றனர். இரு சாராருமே அச்சிறிய எழுத்துகளுக்குள் இருக்கும் கணக்கு இன்னதென்று அறிந்து கொள்வதில்லை.

அக்கணக்கை அறிந்தால் ஒரு பெரும் பயன் உண்டு. இராசராச சோழன் எந்த ஆண்டில் முடி சூடினான், பாண்டியப் பேரரசு எப்பொழுது தலை தூக்கிற்று என்றெல்லாம் பாடநூல்களில் ஆண்டுகளைப் படிக்கின்றோமே, அவ்வாண்டுகளுள் பலவற்றை நமக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது இந்தப் பஞ்சாங்கக் கணக்கே ஆகும். அது எவ்வாறு என்பதைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நாள் என்பதைக் காண்போம். கடிகார முறையில் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. நம் பழைய முறையில் சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடிகிறது. ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாடியாகவும் பகுத்தனர். ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். ஏழரை நாழிகை ஒரு யாமம். இவ்விநாடி 24 நொடி அளவுடையது என்பதை நினைவிற் கொள்க. நீர்க் கடிகாரத்தைக் கொண்டு பொழுதளந்து மன்னனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரைப் பற்றி முல்லைப்பாட்டு பேசுகிறது. ஆதலின் பொழுதை அளக்கும் தொழில் தமிழகத்தில் மிகப் பழமையானது.

பஞ்ச அங்கம் என்றால் ஐந்து உறுப்பு என்று பொருள். அவை வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்பன.

வாரம் என்பது கிழமை. ஏழு கிழமைகளின் வரிசை ஒரு சிறு கணக்கிலிருந்து பிறந்தது. வானில் மெல்லச் செல்வது முதல் விரைந்து செல்வது வரை சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று எழுவரை நிறுத்தினர். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் வீதம் இவ்வரிசையில் ஓரைகளை வழங்கினால், ஞாயிற்றுக்கிழமை முதல் ஓரை சூரியனுடையது. இருபத்தைந்தாம் ஓரை, அதாவது மறுநாள் முதல் ஓரை, சந்திரனுடையது. ஆகவே மறுநாள் திங்கட்கிழமை. இவ்வாறே எண்ணிச் சென்றால் ஏழு கிழமைகளும் நாம் அறிந்த வரிசையில் வந்து நிற்கும். நீங்களே தாளில் எழுதிப் பார்க்கலாம். இவ்வேழு நாள் முறை மேற்கு நாடுகளுக்கும் நமக்கும் பொதுவானது. இந்தியாவில் கிழமையைக் குறித்து, காலமும் உறுதியாகத் தெரிந்த கல்வெட்டுகளுள் மிகப் பழமையானது மத்தியப் பிரதேசத்து எரண் என்னும் ஊரில் உள்ளது. குப்த மன்னன் புதகுப்தன் காலத்ததாகிய அது கி.பி. 484-ஆம் ஆண்டில் ஒரு வியாழக்கிழமையைக் குறிக்கின்றது.

திதி என்பது சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தொலைவின் அளவு. அமாவாசையன்று இருவரும் ஒரே திசையில் நிற்பர். பின்னர்ச் சந்திரன் விரைந்து முன்செல்ல, இருவர்க்கும் இடையே 12 பாகை விலகும்வரை பிரதமை. 24 பாகை வரை துவிதியை. இவ்வாறு 360 பாகைக்கு 30 திதி. சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு அருகே வரும்பொழுது விரைந்தும், அகன்று செல்லும்பொழுது மெதுவாகவும் செல்கிறது. ஆதலால் ஒரு திதி ஏறத்தாழ 20 மணியில் முடிவதும் உண்டு. 27 மணி நேரம் நீடிப்பதும் உண்டு. சூரிய உதயத்தில் எந்தத் திதி நடக்கிறதோ அதுவே பொதுவாக அந்நாளின் திதி. எனவே ஒரே திதி இரண்டு உதயங்களில் இருப்பதும், ஒரு திதி எந்த உதயத்திலும் அகப்படாமல் நடுவே தொடங்கி நடுவே முடிந்து போவதும் நேர்கின்றன. நாட்காட்டியில் சில வேளை நவமிக்கு மறுநாள் ஏகாதசி வருவது இதனால்தான்.

நட்சத்திரம் என்பது சந்திரன் செல்லும் வான்வழியை 27 சம கூறாக்கி, அவற்றுள் அன்று சந்திரன் நிற்கும் கூறு. ஒரு கூறு 13 பாகை 20 கலை. சந்திரன் இவ்வழியை ஒருமுறை சுற்றி வர 27 நாளும் ஏறத்தாழ 7¾ மணி நேரமும் ஆகின்றன. அதனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு நட்சத்திரம் என்று அமைந்தது. சூரியன், சந்திரன் இருவருடைய நிலைகளையும் கூட்டி 27 கூறாக்குவது யோகம். திதியில் பாதி கரணம். இவையே ஐந்து அங்கங்கள். இவ்வைந்தனுள் வாரம் இடையறாத எண்ணிக்கை. மற்ற நான்கும் சூரிய சந்திரர் நிற்கும் இடங்களைக் கணக்கிட்டுப் பெறுவன.

மாதமும் ஆண்டும் நமக்குச் சூரியனைப் பற்றியவை. சூரியன் மேட இராசியில் புகுவது சித்திரை. மகர இராசியில் புகுவது தை. ஓர் இராசியிலிருந்து அடுத்ததற்கு மாறுவதைச் சங்கராந்தி அல்லது சங்கிரமணம் என்பர். சங்கிரமணம் சூரியன் மறைவதற்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறக்கும்; மறைந்தபின் நிகழ்ந்தால் மறுநாள் பிறக்கும் என்பது தமிழ்நாட்டு விதி. மலையாளத்தில் இவ்விதி சிறிது வேறு.

பொங்கல் சில ஆண்டு ஜனவரி 14-லும் சில ஆண்டு 15-லும் வருவது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சித்தாந்த நூல்களின்படி சூரிய ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31½ விநாடி அளவுடையது. அதாவது ஆண்டுதோறும் சங்கிரமண நேரம் ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம் முன்னோக்கிச் செல்லும். பிப்ரவரிக்கு 29 நாள் வரும் ஆண்டு கழிந்தால் ஒரு நாள் பின்னுக்கு இழுக்கப்படும். 2023-இல் மகர சங்கிரமணம் ஜனவரி 14 இரவில் நிகழ்ந்தது. ஆதலின் பொங்கல் 15-ஆம் தேதி. 2024-இல் 15-ஆம் தேதி விடியுமுன் நிகழ்ந்தது. அவ்வாண்டும் பொங்கல் 15. அவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு நாள் கூடியதால் 2025-இல் சங்கிரமணம் 14-ஆம் தேதி காலைக்கு வந்தது. பொங்கலும் 14-ஆம் தேதிக்கு வந்தது. நம் புதுக்கோட்டை மாவட்டம் தனி மாவட்டமாக அமைந்த 1974 ஜனவரி 14-ஆம் நாளும் இக்கணக்கின்படி பொங்கல் நாளே ஆகும்.

ஆண்டுகளை எண்ணும் முறைக்கு வருவோம். பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள் சுழன்று வருகின்றன. குரு வான்வழியை ஐந்து முறையும் சனி இரு முறையும் சுற்றுவதற்கு ஏறத்தாழ 60 ஆண்டு ஆகும். இப்பெயர்களில் ஒரு குறை உண்டு. 'விக்கிரம ஆண்டு' என்று மட்டும் எழுதி வைத்தால், எந்த விக்கிரம ஆண்டு என்பது அறுபது ஆண்டு கழித்துப் படிப்பவனுக்குத் தெரியாது. கலியாண்டும் சக ஆண்டும் தொடர்ந்து எண்ணப்படுவன. அவை அக்குறை இல்லாதவை. ஆனால் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை கலியாண்டையோ சக ஆண்டையோ குறிப்பதில்லை. அம்மன்னனுக்கு 'யாண்டு' இத்தனை, அதாவது அவன் ஆட்சியேற்ற இத்தனையாவது ஆண்டு என்று சொல்லி நிறுத்தி விடுகின்றன. அம்மன்னன் எப்பொழுது ஆட்சியேற்றான் என்பது எழுதியவர்க்கும் அன்று படித்தவர்க்கும் தெரியும், நமக்குத் தெரியாது.

இவ்வகைக் கல்வெட்டுகள் நம் மாவட்டத்தில் மிகுதி. திருகோகர்ணம், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், குன்றாண்டார்கோயில், திருமயம் என்று எப்பக்கம் சென்றாலும் கற்கள் பேசுகின்றன. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்து, அரச மரபு வாரியாக வகுத்து, 1929-இல் ஒரே தொகுதியாக வெளியிட்டது. ஒரு சிறு சமஸ்தானம் செய்த பெரும்பணி அது. அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1941-லும் 1946-லும் இரு பகுதிகளாக வெளிவந்தது.

இக்கல்வெட்டுகளைப் படிப்பவர்க்கு ஓர் இடையூறு உண்டு. பாண்டிய மன்னர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்னும் இரு பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். சுந்தரபாண்டியன், வீரபாண்டியன், குலசேகரன் முதலிய சில பெயர்களையே மீண்டும் மீண்டும் சூடினர். மாறவர்மன் சுந்தரபாண்டியன் என்ற பெயருடையவரே ஒருவர்க்கு மேற்பட்டவர். கல்லில் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் இன்ன யாண்டு என்று மட்டும் இருந்தால், அஃது எவனுடைய ஆட்சி? தாத்தா, பேரன் இருவருக்கும் ஒரே பெயர் இருக்கும் வீட்டில் பெயருக்கு மட்டும் கடிதம் வந்தது போன்ற நிலை இது.

இவ்விடத்தில்தான் பஞ்சாங்கம் துணைக்கு வருகிறது. பிற்காலக் கல்வெட்டுகளில் யாண்டோடு இராசி மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியனவும் குறிக்கப்பட்டுள்ளன. ரிஷப நாயற்றுப் பூர்வ பட்சத்துத் தசமியும் திங்கட்கிழமையும் பெற்ற அத்தத்து நாள் என்ற அமைப்பில் அது இருக்கும். நாயறு என்றால் ஞாயிறு, அதாவது சூரியன். ரிஷப நாயறு என்பது வைகாசி மாதம். பூர்வ பட்சம் வளர்பிறை. அபர பட்சம் தேய்பிறை.

இவ்வமைப்பைச் சற்று ஆராய்வோம். வைகாசியில் சூரியன் 30 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே நிற்கும். வளர்பிறைத் தசமியில் சந்திரன் அதற்கு 108 முதல் 120 பாகை முன்னே நிற்க வேண்டும். ஆகவே சந்திரன் 138 பாகைக்கும் 180 பாகைக்கும் இடையே இருக்கும். அவ்விடத்து நட்சத்திரங்கள் பூரம், உத்திரம், அத்தம், சித்திரை ஆகிய நான்கே. அத்தம் என்று கல்லில் இருந்தால் குறிப்பு பொருந்துகிறது. திருவோணம் என்று இருந்தால், எழுதியவரோ படியெடுத்தவரோ எங்கோ தவறியிருக்கிறார் என்று உடனே சொல்லிவிடலாம். இவ்வாறு கல்வெட்டின் ஒரு சொல் மற்றொரு சொல்லுக்குச் சாட்சியாகிறது.

கிழமையின் உதவி இதனினும் பெரிது. வைகாசி வளர்பிறைத் தசமி ஆண்டுதோறும் வரும். ஆனால் அது திங்கட்கிழமையாய் அமைவது ஏழில் ஓர் ஆண்டு என்ற அளவிலேயே நிகழும். எனவே ஒரு நூற்றாண்டில் பதினான்கு பதினைந்து ஆண்டுகளே பொருந்தி நிற்கும். அதே மன்னனின் மற்றொரு கல்வெட்டை எடுத்துக் கொண்டால் அவற்றிலும் பல விலகும். மூன்று நான்கு கல்வெட்டுகளைச் சேர்த்துப் பார்க்க, ஒரே ஓர் ஆண்டு எஞ்சும். சல்லடையில் சலிப்பது போன்ற வேலை இது.

கிரகணம் குறிக்கப்பட்டிருந்தால் சான்று இன்னும் வலிமை பெறும். வட ஆர்க்காட்டுப் பகுதியிலுள்ள திருவல்லத்தில் முதலாம் இராசராசனின் ஏழாம் யாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஐப்பசி விஷு நாளில், இரேவதி நட்சத்திரத்தில், சந்திர கிரகணம் நிகழ்ந்ததை அது குறிக்கிறது. ஐப்பசி விஷு என்பது சூரியன் துலா இராசியில் புகும் நாள். அந்நாளிலேயே பௌர்ணமியும் கிரகணமும் கூடுவது மிக அருமை. கணித்துப் பார்த்த அறிஞர்கள் அது கி.பி. 991 செப்டம்பர் 26 என்று கண்டனர். அன்று சனிக்கிழமை; கிரகணம் முன்னிரவில் நிகழ்ந்தது. ஏழாம் யாண்டு அந்நாளில் நடந்து கொண்டிருந்தது என்றால், இராசராசன் ஆட்சியேற்றது 984 செப்டம்பர் இறுதிக்கும் 985 செப்டம்பர் இறுதிக்கும் இடையே இருத்தல் வேண்டும். பிற கல்வெட்டுகளையும் சேர்த்துக் கணித்த ஜெர்மானியப் பேராசிரியர் கீல்ஹார்ன், இவ்வெல்லையை 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடைப்பட்ட ஒரு மாதமாகச் சுருக்கினார். பாடநூலில் இராசராசன் ஆட்சித் தொடக்கம் 985 என்று நாம் படிப்பது இவ்வாறு பெறப்பட்டதே.

பாண்டியர் வரலாறும் இம்முறையாலேயே ஒழுங்கு பெற்றது. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216-லும், இரண்டாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1238-லும், முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251-லும், முதலாம் மாறவர்மன் குலசேகரன் 1268-லும் ஆட்சி தொடங்கினர் என்பன அவ்வாறு கிடைத்த முடிவுகள். நம் திருமயத்தில் சிவன் கோயிலாருக்கும் பெருமாள் கோயிலாருக்கும் நெடுநாள் நிலவிய பூசலை, போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகன் முன்னின்று தீர்த்து வைத்த செய்தி அங்குக் கல்லில் உள்ளது. அது 1245-ஆம் ஆண்டு நிகழ்ச்சி என்று சொல்ல முடிவது, பெயரொத்த பாண்டியர்களைப் பஞ்சாங்கக் கணக்கு பிரித்துக் காட்டியதனால்தான். அக்கணக்கு இல்லையேல் அச்செய்தி ஒரு தலைமுறை முன்னோ பின்னோ தவறான ஆட்சியில் சேர்ந்திருக்கும். அக்காலத்தில் போசளர் இங்கு வந்த காரணமும் விளங்காமற் போயிருக்கும்.

இப்பணியில் தமிழர் ஒருவரின் பெயரை மாணவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணு பிள்ளை 1865-இல் பிறந்து 1925-இல் மறைந்தவர். சென்னை அரசில் உயர்பதவிகள் வகித்து, இறுதியில் சென்னைச் சட்ட மன்றத்தின் தலைவராகவும் விளங்கினார். அலுவல் ஒழிந்த நேரமெல்லாம் காலக் கணக்கில் செலவிட்டார். 1911-இல் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூலை வெளியிட்டார். 1922-இல் கி.பி. 700 முதல் 1799 வரை, 1,100 ஆண்டுகளுக்கு, ஒவ்வொரு நாளுக்கும் உரிய பஞ்சாங்க விவரங்களைப் பல தொகுதிகளாகத் தந்தார். அதன்பின் கல்வெட்டு ஆராய்வோர் ஒவ்வொரு முறையும் நீண்ட கணக்குப் போட வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. கணிப்பொறி இல்லாத காலத்தில் செய்த பணி இது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பழைய பஞ்சாங்கக்காரர்கள் கணித்த முறை எத்தகையது என்று அடுத்துக் காண்போம். தமிழ்நாட்டில் வழங்கியது வாக்கிய முறை. சந்திரனின் வேகம் கூடிக் குறைவது 27½ நாளுக்குச் சற்று மிகுந்த ஒரு சுழற்சி. அத்தகைய ஒன்பது சுழற்சிகள் 248 நாளில் முடியும். எனவே 248 நாளுக்குரிய சந்திர நிலைகளை அறிந்தால் பின்னர் அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, அந்நிலைகளை 248 சிறு வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்தனர். இவ்வாக்கியங்களை வரருசி என்பவர் பெயரால் வழங்குவர். இம்முறையை விளக்கும் வாக்கியகரணம் என்னும் நூல் 13-ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டித் தமிழகத்தில் தோன்றியது; 1962-இல் சென்னையில் பதிப்பிக்கப்பட்டது.

சுக்கிரன் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காணப் புதுச்சேரிக்கு வந்து தங்கிய பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்ட்டில், 1769-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக் கொண்டார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 நொடியே குறைந்திருந்தது. அந்நாளைய சிறந்த ஐரோப்பிய அட்டவணையோ 68 நொடி மிகுந்திருந்தது என்று அவர் எழுதினார். 1825-இல் சென்னையில் காலசங்கலிதம் என்ற நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, ஏட்டைத் திறவாமலே, அவ்வாண்டு மே மாத இறுதியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். அக்கணக்கின் காரணங்கள் அவருக்குத் தெரியா. முறை மட்டுமே கைவந்திருந்தது. இதில் நம் பெருமையும் நம் குறையும் ஒருங்கே தெரிகின்றன. நூற்றாண்டுகள் கடந்தும் முறையைச் சிதையாமற் காத்தது பெருமை. காரணத்தை ஆராய்வது நின்றுபோனது குறை.

காரணத்தை ஆராயாமல் முறையை மட்டும் காத்தால் கணக்கு வானத்தை விட்டு விலகத் தொடங்கும். திருவல்லத்துக் கல்வெட்டையே மீண்டும் நோக்குவோம். 991 செப்டம்பர் 26 என்பது அக்காலத்து ஐரோப்பிய நாட்காட்டியின் தேதி. இன்றைய முறையில் அஃது அக்டோபர் 1 ஆகும். அன்று ஐப்பசி பிறந்தது. இன்றோ ஐப்பசி அக்டோபர் 17, 18 தேதிகளில் பிறக்கின்றது. இடையில் பதினாறு, பதினேழு நாள் தள்ளிப் போயிற்று. இதன் காரணம் எளியது. பருவங்களை நடத்தும் ஆண்டைவிட நம் சித்தாந்த ஆண்டு ஏறத்தாழ 24 நிமிடம், அதாவது ஒரு நாழிகை, நீண்டது. ஆண்டுக்கு ஒரு நாழிகை என்றால் 60 ஆண்டுக்கு 60 நாழிகை. அதாவது ஒரு பிரபவாதி சுழற்சிக்கு ஒரு நாள். விஷு என்பது பகலும் இரவும் சமமாகும் நாளைக் குறித்த சொல். ஆரியபடர் கி.பி. 499-இல் கணக்கிட்ட காலத்தில் சித்திரைப் பிறப்பும் சமநாளும் ஒட்டி இருந்தன. இன்று சமநாள் மார்ச்சு 20, 21-லும் சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14-லும் வருகின்றன.

திருத்தும் முயற்சி நம்மவரிடம் இல்லாமலில்லை. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணாற் கண்டு, 1431-இல் திருக்கணித நூலை இயற்றினார். திருக் என்பது கண்; கண்ணுக்குப் புலப்படுவதோடு பொருந்தும் கணக்கு என்பது அதன் கருத்து. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார், தொலைநோக்கி வழிக் கிடைத்த அளவுகளைக் கொண்டு திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டறிந்த பெருமையும் அவருக்கு உண்டு. அன்று தொட்டு வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு இன்றளவும் தொடர்கிறது. கிரகணங்களைக் கொண்டே பழங்கணக்கு சரிபார்க்கப்பட்டு வந்தமையால், அமாவாசை பௌர்ணமிகளை ஒட்டி வாக்கியத்தில் பிழை சிறிது. அட்டமியை ஒட்டிப் பிழை பெரிது. நாடு விடுதலை பெற்றபின் 1952-இல் அறிஞர் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. அதன் அறிக்கையின்படி, சமநாளுக்கு மறுநாளை ஆண்டுத் தொடக்கமாகக் கொண்ட சக ஆண்டு தேசிய நாட்காட்டி 1957 மார்ச்சு 22-இல் நடைமுறைக்கு வந்தது. அரசு ஏடுகளில் அது இடம் பெற்றது. மக்கள் வழக்கில் பழைய முறைகளே நிலைத்தன.

இனி, நல்ல நேரம் பார்க்கும் முறைக்கு வருவோம். நம் முன்னோர் சோதிடத்தையே கணிதம், ஓரை, சங்கிதை என மூன்று பிரிவாகப் பகுத்தனர். வானத்து நிலைகளை அளப்பது கணிதம். பலன் சொல்வன மற்றவை. இதுவரை நாம் கண்டது முழுவதும் கணிதம். நாள் பார்க்கும் விதிகள் அதன்மேல் கட்டப்பட்டவை. அட்டமி நவமியை விலக்குவது திதியைப் பற்றிய விதி. அமிர்த யோகம், சித்த யோகம், மரண யோகம் என்பன கிழமையும் நட்சத்திரமும் சேரும் சேர்க்கையைப் பற்றியவை. பிறந்த இராசிக்கு எட்டாம் இராசியில் சந்திரன் நிற்கும் இரண்டேகால் நாள் சந்திராட்டமம்.

இராகு காலம், எமகண்டம், குளிகை ஆகியன இவற்றினும் எளிய அமைப்புடையன. உதயம் முதல் அத்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பகுத்து, ஒவ்வொரு கிழமைக்கும் இன்ன பகுதி என்று வகுத்து விட்டனர். திங்கட்கிழமை இரண்டாம் பகுதியும் வெள்ளிக்கிழமை நான்காம் பகுதியும் இராகு காலம். வானியலில் இராகு என்பது சந்திரன் பாதையும் சூரியன் பாதையும் வெட்டிக் கொள்ளும் இடம். ஏறத்தாழ 18 ஆண்டு 7 மாதத்தில் ஒருமுறை சுற்றி வருவது. கிரகணக் கணக்கின் உயிர்நாடி. இராகு காலத்தைக் கணிக்கையில் அவ்விடம் வானில் எங்குள்ளது என்று யாரும் பார்ப்பதில்லை. கிழமையும் பகலின் அளவுமே போதும்.

மேலும் ஒன்று. வெள்ளிக்கிழமை இராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்று நாட்காட்டி அச்சிடுகிறது. ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அத்தமனம் என்று வைத்துக் கொண்ட கணக்கு அது. நம் ஊரில் பகல் ஏறத்தாழ 11½ மணியிலிருந்து 12¾ மணி வரை மாறுகிறது. 1906 முதல் நாம் பின்பற்றும் இந்தியப் பொது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. புதுக்கோட்டை அதற்கு மேற்கே இருப்பதால் நமக்கு உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி 15 நிமிடத்திற்கே வரும். விதிப்படி வெள்ளிக்கிழமை இராகு காலம் உச்சிப்பொழுதில்தான் முடிய வேண்டும். ஆகவே பன்னிரண்டு மணி அடித்ததும் இராகு காலம் கழிந்தது என்று புறப்படுபவர், விதிப்படி பார்த்தால் அதன் கடைசிக் கால்மணி நேரத்திலேயே புறப்படுகிறார். நம்புகிறவரும் கணக்கறிந்து நம்புவது நலம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தொடங்கும் பொதுத்தேர்வை எழுதும் மாணவர் அனைவரும் இராகு காலத்தில்தான் எழுதுகின்றனர். அவர்களுள் படித்தவர் தேறுகின்றனர், படியாதவர் தவறுகின்றனர். இதற்கு மேல் இதைப் பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு குடும்பத்தார் மணநாளை எல்லாரும் ஒப்பும் நாளாகத் தேர்ந்து, உற்றார் உறவினர் கூடி மகிழ்வார்களானால், அவ்வழக்கத்தை இகழவும் தேவையில்லை. ஆனால் நோயாளியை மருத்துவரிடம் கொண்டு செல்வதற்கும், வந்த வேலையை ஏற்பதற்கும் எமகண்டம் கழியட்டும் என்று காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. கிரகணம் இன்ன நாழிகைக்குப் பிடிக்கும் என்ற கணக்கை வானத்தைப் பார்த்துச் சரியா தவறா என்று தீர்க்கலாம். இன்ன நாழிகை தீயது என்ற கூற்றை அவ்வாறு தீர்க்க இயலாது. ஒரே தாளில் அருகருகே அச்சிடப்பட்டிருப்பதனால் இரண்டும் ஒரே தன்மையன என்று மயங்குதல் கூடாது.

மாணவர்களே, கோயிலுக்குச் செல்லும்பொழுது சுவரில் உள்ள கல்வெட்டைச் சற்று நின்று பாருங்கள். பழைய எழுத்தைப் படிக்கக் கற்றுக் கொள்வது கடினமன்று. சில மாதப் பயிற்சி போதும். திருகோகர்ணத்து அரசு அருங்காட்சியகமும் நமக்கு அருகிலேயே உள்ளது. அபர பட்சத்து, கிழமையும், நாள் என்ற சொற்கள் கண்ணிற் பட்டால், அங்கே ஒரு கணக்கு உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று அறியுங்கள். கற்களின் மீது சுண்ணாம்பும் வண்ணமும் பூசி எழுத்தை மறைப்பதும், திருப்பணி என்ற பெயரால் கல்லை மாற்றுவதும் இன்றும் நிகழ்கின்றன. ஒரு கிழமையும் ஒரு திதியும் அழிந்தால் ஒரு மன்னனின் காலமே அழிந்து போகலாம். அதைக் காக்க வேண்டியவர், அதன் பொருள் அறிந்த நீங்களே.